சத்தத்திற்குச் சர்க்கார் பணமா?

கலைக்காகச் சர்க்கார் பணம் செலவிடலாமா, கூடாதா என்கின்ற விவாதம் பழையது. ஆனால் கம்ப்யூட்டரைக் கொண்டும், மைக்கைக் கொண்டும், ஒலிபெருக்கியைக் கொண்டும் வேலை செய்கின்ற கலைஞர்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவி செய்ய வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், மற்றக் கலைகளின் விஷயத்தில் வாய்மூடியிருப்பவர்களுங்கூட உடனே வாய் திறந்து விடுகின்றார்கள். “ஆலைச் சங்குச் சத்தத்தையும், மழைச் சத்தத்தையும் பிடித்து வந்து ஒட்டுப்போட்டுவிட்டு, இதுவும் சங்கீதம் என்கின்றான், இவனுக்கு நம் வரிப்பணமா?” என்று கேட்கின்றார்கள்.

இக்கேள்வியை ஏளனமாகத் தள்ளிவிட நாம் பிரியப்படவில்லை. வரி கொடுக்கின்றவனுக்குக் கேட்க உரிமை உண்டு. ஒரு சோப்புக்கட்டி வாங்குகின்ற கூலிக்காரனும் வரி கொடுக்கின்றான். ஆகையால் அவன் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டியது, அப்பணத்தைச் செலவு செய்ய வேண்டும் என்று சொல்லுகின்றவர்களின் கடமையாகும். அப்பதிலை நமக்குத் தெரிந்த விஷயங்களிலிருந்து சொல்லுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதலாவது, இக்கலைஞர்கள் செய்வது என்ன? வீணையும் மிருதங்கமும் எப்படிச் சத்தம் எழுப்பும் கருவிகளோ, அப்படியே ஒலிப்பதிவு யந்திரமும் ஒரு கருவிதான். வெளியில் கேட்கும் சத்தத்தைப் பதிந்து, அதை வெட்டி, ஒட்டி, நீட்டி, சுருக்கி, தலைகீழாக்கி ஒரு புது உருவம் கொடுப்பது ஒருவகை. மின்சாரத்தைக் கொண்டே இல்லாத சத்தத்தை உண்டாக்குவது மற்றொரு வகை. ஒரு மண்டபத்தின் நாலு பக்கமும் ஒலிபெருக்கிகளை வைத்து, நடக்க நடக்கக் கேட்பது மாறும்படி செய்வது இன்னொரு வகை. இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை. காது உள்ள எவரும் கேட்கலாம். கற்றுக்கொள்ள நேரம் கிடைத்தால் எவரும் செய்யலாம். பரம்பரை பரம்பரையாக இன்னாருக்குத்தான் இது சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இதில் இன்னும் எவரும் கிளம்பவில்லை என்பதே இக்கலையின் ஒரு பெரிய யோக்கியதை என்பது நமது எண்ணம்.

ஆட்சேபிக்கின்றவர்களோ இரண்டு ரகமாயிருக்கின்றார்கள். ஒருவர் கடைக்கணக்குப் பேசுகின்றவர். “சரக்கு நல்லதானால் ஜனங்கள் காசு கொடுத்து வாங்குவார்கள், வாங்காவிட்டால் அது கெட்ட சரக்கு, அதற்கு மானியம் எதற்கு?” என்பது அவர் வாதம். மற்றொருவர் குறையைச் சொல்லுகின்றவர். “எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்குக் கூரையில்லை, அதை விட்டுவிட்டு இதுவா?” என்பது அவர் பேச்சு. இவ்விருவரும் ஒரே மாதிரி பேசுவதுபோல் காணப்பட்டாலும் இருவரும் ஒன்றல்ல. முதல்வருக்குச் சரித்திரமே பதில் சொல்லும். இரண்டாமவருக்கு நாம்தான் பதில் சொல்லவேண்டும்.

சரித்திரம் என்ன சொல்லுகின்றது? 1948-ம் வருஷத்தில் பாரிஸில், பிரெஞ்சு ரேடியோவில் இன்ஜினீயராயிருந்த பியேர் ஷேஃபர் என்பவர், ரயில் எஞ்சின்களின் சத்தத்தைத் தட்டில் பதிந்து அதையே ஒரு சங்கீத உருப்படியாக்கி, அவ்வருஷம் அக்டோபர் 5-ந் தேதி ரேடியோவில் ஒலிபரப்பினார். 1951-ல் ஜெர்மனியில் கொலோன் நகரத்து ரேடியோ, எலெக்ட்ரானிக் சங்கீதத்திற்கென்றே ஒரு கூடம் ஏற்படுத்தத் தீர்மானித்தது. அக்கூடத்தில்தான் ஸ்டாக்ஹௌசன் ஒரு சிறுவனுடைய குரலையும் மின்சார ஒலியையும் ஒன்றாய்க் கலந்து 1956-ல் தமது பேர்பெற்ற உருப்படியை வெளியிட்டார். 1955-ல் மிலானிலும் டோக்கியோவிலும், 1957-ல் வார்ஸாவிலும், 1958-ல் லண்டனிலும் இப்படிப்பட்ட கூடங்கள் தோன்றின. இவை எல்லாம் யாருடையவை? ஒன்றாவது ஒரு பிரபுவினுடைய அரண்மனையில் தோன்றவில்லை. ஒரு முதலாளியின் கம்பெனியில் தோன்றவில்லை. அத்தனையும் பொது ரேடியோ ஸ்தாபனங்களுக்குள், ஜனங்கள் கொடுத்த லைசென்சுக் கட்டணத்தாலும் வரியாலும் தோன்றியவை.

ஏன் அப்படி? காரணம் மிகவும் சுலபமானது. அக்காலத்தில் ஒலிநாடா யந்திரமும், ஒலியை உண்டாக்கும் கருவிகளும் ஒரு தனி மனிதன் வாங்கக்கூடிய விலையில் இல்லை. இலாபம் வருமா என்று பார்த்து முதல் போடுகின்றவனோ, இன்னதென்று யாருக்குமே தெரியாத ஒரு சரக்குக்கு முதல் போடமாட்டான். வாங்குகின்றவன் இன்னும் பிறக்காத கடைக்கு எந்த வியாபாரி வாடகை கொடுப்பான்? ஆகவே, பொதுப்பணம் முன்னே போயிற்று. வியாபாரி அதன் பின்னே வந்தான். இன்று சினிமாவிலும், விளம்பரத்திலும், டெலிபோன் மணியிலும்கூட நாம் கேட்கின்ற மின்சார ஒலிகளில் பெரும்பாகத்திற்கு வழி வெட்டினவர்கள் அந்தப் பொதுக்கூடங்களில் இருந்தவர்களே. வழி வெட்டின கூலியை ஜனங்கள் கொடுத்தார்கள். அந்த வழியில் வண்டி ஓட்டுகின்றவர், இப்பொழுது “ரோட்டுக்குப் பொதுப்பணம் எதற்கு?” என்று கேட்கின்றார்.

லண்டன் கூடத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டெலியா டெர்பிஷயர் என்ற பெண், தகரத் தொழிலாளி ஒருவருடைய மகள். கேம்பிரிட்ஜில் கணிதமும் சங்கீதமும் படித்தவர். 1959-ல் ஒரு பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள். தனியார் கதவு மூடினது இப்படி. பின்னர் அவர் பி.பி.சி.யில் சேர்ந்து, 1962-ல் அதன் ஒலிக்கூடத்திற்கு வந்தார். 1963-ல் “டாக்டர் ஹூ” என்னும் டெலிவிஷன் தொடருக்கு ரான் கிரெய்னர் எழுதிக்கொடுத்த மெட்டை, வாத்தியக்காரர் ஒருவருமின்றி, ஒரு தந்தியைச் சுண்டின சத்தத்தையும் மின்சார ஒலிகளையும் நாடாவில் பதிந்து, அந்த நாடாவை அங்குலம் அங்குலமாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே எலெக்ட்ரானிக் சங்கீதத்தை லட்சக்கணக்கான ஜனங்கள் கேட்டு ரசித்தது அதனால்தான். “இது ஜனங்களுக்குப் புரியாத கலை” என்று சொல்லுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பொது ஸ்தாபனம் என்பதாலேயே அது யோக்கியமாய் நடந்துகொண்டது என்றும் நாம் சொல்ல வரவில்லை. மெட்டெழுதினவரே அப்பெண்ணின் பெயரையும் சேர்க்க விரும்பியும், ஒலிக்கூடத்து ஊழியர்கள் பெயரில்லாமலே இருக்கவேண்டும் என்கின்ற ஆபீஸ் வழக்கத்தால் அது நடக்கவில்லை. அந்த உருப்படிக்காக அவருடைய பெயர் திரையில் வந்தது, அவர் இறந்து 12 வருஷங்களுக்குப் பின், 2013-ல்தான். கதவைத் திறந்தவர்களே பெயரை மறைத்தார்கள்! பொதுப்பணம் கொடுத்தால் மட்டும் போதாது, அதை நடத்துகின்ற முறையும் வேண்டும் என்பதற்கு இது ஒரு சாட்சியாகும்.

அக்கூடத்தின் முடிவு எப்படி ஆயிற்று? 1990-களில் அந்த ஸ்தாபனத்து நிர்வாகம், ஒவ்வொரு இலாகாவும் தன் வேலைக்கு விலை பேசி, தன் செலவைத் தானே சம்பாதித்துக் கொள்ள வேண்டும் என்று விதி செய்தது. ஒலிக்கூடத்தால் அது முடியவில்லை. 1998-ல் மூடிவிட்டார்கள். நாற்பது வருஷ வேலை ஒரு கணக்குப் புஸ்தகத்தின் இரண்டு கலங்களில் முடிந்துபோயிற்று. 2001-ல் டெர்பிஷயர் இறந்த பிறகு அவருடைய வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் கிடைத்தன. கடைக்கணக்கில் ஏறாத ஒரு சொத்து பரணில் கிடந்தது என்றுதான் இதற்கு அர்த்தம்.

இது வெள்ளைக்காரன் நாட்டுக் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். இந்தியாவிலும் இது நடந்திருக்கின்றது. 1961-ல் இந்திய சர்க்காரால், போர்டு ஸ்தாபனத்தின் உதவியோடு, ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் ஏற்படுத்தப்பட்டது. 1969-ல் அமெரிக்காவிலிருந்து டேவிட் டியூடர் என்ற சங்கீதக்காரர் வந்து, அங்கே மோக் என்னும் எலெக்ட்ரானிக் வாத்தியத்தை வைத்து ஒரு ஒலிக்கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்கின்ற ஐவர் அதில் வேலை செய்து உருப்படிகள் செய்தார்கள். 1972-க்குப் பின் அக்கூடம் ஓய்ந்துபோயிற்று. நாடாக்கள் அலமாரிக்குள் போயின. ஏறக்குறைய 45 வருஷங் கழித்து பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் வந்து தேடின பிறகே அவை வெளிச்சத்துக்கு வந்து, 2023-ல் இசைத்தட்டாகப் பொதுஜனங்களுடைய கைக்குக் கிடைத்தன.

இதைப் பற்றி நாம் பெருமைப்படுவதா, துக்கப்படுவதா? ஐரோப்பாவில் பல நாடுகள் இவ்வேலையைத் துவக்கி இருபது வருஷம் ஆவதற்குள் இந்த நாட்டிலும் துவக்கினார்கள் என்று பெருமைப்படலாம். மூன்று வருஷத்தில் விட்டுவிட்டு, அரை நூற்றாண்டு அலமாரியைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்று துக்கப்பட வேண்டியதும் நியாயமே. அன்று அந்த வேலை தொடர்ந்து நடந்திருந்தால், ஐந்து பேர் ஐம்பது பேராகி, ஐம்பது பேர் ஊருக்கு ஊர் போயிருப்பார்கள். யந்திரத்திற்குப் பணம் கொடுத்தவர்கள், அதை இயக்கும் மனிதர்களுக்குத் தொடர்ந்து பணம் கொடுக்காததன் பலன் இது.

நிற்க. இப்பொழுது ஒரு புது ஆட்சேபணை வரும். “அன்று யந்திரம் விலை அதிகம், சரி, இன்று ஒரு பழைய லேப்டாப்பும் கைப்போனும் இருந்தால் போதுமே, இனிச் சர்க்கார் உதவி எதற்கு?” என்பார்கள். யந்திரம் மலிந்தது உண்மைதான். அது மலிந்ததிலும் பொதுப்பணத்திற்குப் பங்கு உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகின்றோம். பாரிஸில் பிரெஞ்சு சர்க்கார் பணத்தால் 1977-ல் திறக்கப்பட்ட இர்காம் என்னும் ஒலி ஆராய்ச்சிக் கூடத்தில், 1980-களில் மில்லர் பக்கெட் என்பவர் மேக்ஸ் என்ற கம்ப்யூட்டர் சாதனத்தை எழுதினார். பிறகு அவரே அதே வழியில் பியூர் டேட்டா என்ற சாதனத்தை எழுதி, எவரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார். இன்று ஒரு கிராமத்துப் பையன்கூட அதை ஒரு காசும் கொடுக்காமல் இறக்கிக்கொண்டு வேலை செய்யலாம்.

ஆனால் யந்திரம் மலிந்துவிட்டதே தவிர அரிசி மலிந்துவிட்டதா? வீட்டு வாடகை மலிந்துவிட்டதா? ஒரு ஒலி உருப்படியைச் செய்து முடிக்க ஆறு மாதம் பிடிக்குமானால், அந்த ஆறு மாதம் அவன் எதைச் சாப்பிடுவான்? கலை தெய்வ கடாட்சத்தால் வருவது என்று சொல்லுகின்றவர்கள், சோறு எதனால் வருவது என்று சொல்லுவதில்லை. முன்பு இக்கலையைத் தடுத்தது யந்திரத்தின் விலை. இப்பொழுது தடுப்பது நேரத்தின் விலை. அப்பன் சொத்து உள்ளவனுக்கு நேரம் உண்டு, மற்றவனுக்கு இல்லை. ஆகையால் சர்க்கார் ஒன்றும் கொடுக்காமல் ஒதுங்கிவிட்டால் கலை அழிந்துவிடாது. அது சொத்துள்ளவர்களின் கலையாகப் போய்விடும். இதுதான் நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

இதற்கு ஒரு நாடு பரீட்சை நடத்திப் பார்த்திருக்கின்றது. அயர்லாந்து சர்க்கார் 2022-ல் கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ வீதம் மூன்று வருஷத்திற்குக் கொடுப்பதென்று ஒரு திட்டம் செய்தார்கள். 9,000-க்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். கலைத்தொழில் செய்கின்றவர்தானா என்பதை மாத்திரம் பார்த்துத் தகுதியுள்ளவர்களைப் பிரித்து, அவர்களிலிருந்து 2,000 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பொறுக்கினார்கள். இன்ன உருப்படி உயர்ந்தது, இன்ன உருப்படி தாழ்ந்தது என்று எந்தப் பண்டிதரும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லவில்லை. வருஷத்திற்குச் சுமார் 3 கோடியே 38 லட்சம் யூரோ ஆகின்றது. சுமார் 50 லட்சம் ஜனங்கள் உள்ள அந்நாட்டில், தலைக்கு வருஷம் ஏழு யூரோவுக்கும் குறைவு.

பலன் என்ன? பணம் பெற்றவர்கள் தங்கள் கலைவேலைக்கு அதிக நேரம் கொடுத்தார்கள். மனக்கவலை குறைந்ததாகச் சொன்னார்கள். மனநலம், ஜனங்கள் கலையை அனுபவித்தது முதலியவற்றிற்கும் பண மதிப்புப் போட்டுப் பார்த்ததில், செலவான ஒவ்வொரு யூரோவிற்கும் 1.39 யூரோ பலன் திரும்பினதாக 2025-ல் வெளியான கணக்குச் சொல்லுகின்றது. கணக்கைச் செய்வித்தது அந்தச் சர்க்காரே என்பதையும் வாசகர்கள் மறக்க வேண்டாம். மனநிம்மதிக்கு விலை போடுவது எளிதான காரியமுமல்ல. ஆனாலும் வாய்ப்பேச்சாய்ச் சண்டையிட்டுக் கொண்டிராமல், கொடுத்துப் பார்த்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டு, பிறகு முடிவுக்கு வந்தார்களே, அந்த முறை பகுத்தறிவுக்குப் பொருத்தமானது. 2025 அக்டோபரில், திட்டம் இனியும் தொடரும் என்று அறிவித்தும் விட்டார்கள்.

இனி, “கட்டளை எழுதினால் பாட்டை யந்திரமே போட்டுக் கொடுக்கின்றதே, மனிதன் எதற்கு?” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த யந்திரம் எதைக் கேட்டுப் பழகிற்று? மனிதர்கள் செய்து பதிந்து வைத்ததைக் கேட்டுத்தானே? கிணற்றில் ஊறுவதை நிறுத்திவிட்டு, வாளி இருக்கின்றது என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

இனி, பொதுப்பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் நமது அபிப்பிராயத்தைச் சொல்லுகின்றோம்.

1. பணம் சர்க்காருடையதாயிருந்தாலும், யாருக்கு என்று தீர்மானிப்பது மந்திரியின் கையில் இருக்கக்கூடாது. 1946-ல் பிரிட்டனில் கலை கவுன்சில் ஏற்படுத்தப்பட்டபோது, சர்க்கார் பணம் கொடுப்பது, கவுன்சில் தீர்மானிப்பது என்று எட்டி நிற்கும் முறையை வைத்தார்கள். அமெரிக்காவிலோ 2025 மே மாதத்தில், தேசியக் கலை நிதியிலிருந்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்த பல மானியங்களை, புது ஆட்சியின் நோக்கத்திற்குப் பொருந்தவில்லை என்று ரத்துச் செய்தார்கள். ஆளுகின்றவரின் முகத்தைப் பார்த்துப் பாடவேண்டி வந்தால், பழைய அரண்மனை வித்துவானுக்கும் இவனுக்கும் வித்தியாசம் என்ன?

2. பொறுக்குகின்ற கமிட்டியில் அதே பத்துப் பேர் ஆயுள் முழுதும் உட்கார்ந்திருக்கக் கூடாது. தகுதியை மாத்திரம் பார்த்துவிட்டுச் சீட்டுக் குலுக்குவது, தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் கொடுப்பதைவிட எவ்வளவோ நாணயமானது.

3. பொதுப்பணத்தால் ஆன உருப்படி பொதுஜனங்களுக்குக் கிடைக்க வேண்டும். அதைப் பத்திரப்படுத்தி, எவரும் கேட்கும்படி வைக்க வேண்டும். பரணும் அலமாரியும் பொதுச்சொத்தைத் தின்ன விடக்கூடாது.

4. உழைத்தவர் பெயரை மறைக்கக் கூடாது; கூலியையும் குறைக்கக் கூடாது. “உனக்குப் பேர் வரும், பணம் எதற்கு?” என்பதும், “பணம் வருகின்றதே, பேர் எதற்கு?” என்பதும் இரண்டும் மோசமே.

5. தலைநகரத்து மண்டபங்களோடு நின்றுவிடாமல், பள்ளிக்கூடத்திற்கும், நூல்நிலையத்திற்கும், சந்தைத் திடலுக்கும் இக்கலை வரவேண்டும். வரி கொடுத்தவன் நுழையக் கூசுகின்ற இடத்தில் நடப்பதற்கு அவனுடைய வரி எதற்கு?

கூரையில்லாத பள்ளிக்கூடத்தைக் காட்டிக் கேட்ட தோழருக்கு இப்பொழுது நமது பதில் இது: உம்முடைய கேள்வியை விட்டுவிடாதேயும். கூரை போடத்தான் வேண்டும். ஆனால் கூரைப் பணத்தைத் தின்றது இந்த ஒலிக் கலைஞன் என்று யாராவது உமக்குச் சொன்னால், வரவு செலவுத் திட்டத்தை விரித்து, எந்தக் கலத்தில் எவ்வளவு என்று காட்டச் சொல்லும். கலைக்கென்று ஒதுக்குவதும், அதில் புதுக் கலைக்கென்று ஒதுக்குவதும் எவ்வளவு சின்னத் தொகை என்பதை நீரே பார்ப்பீர். கூரையும் வேண்டும், கூரையின்கீழ் உட்காருகின்ற பிள்ளை மைக்கைப் பிடித்துத் தன் ஊர்ச் சத்தத்தைத் தானே பதிந்து ஒரு உருப்படி செய்வதும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர்கள், பெரும்பாலும் இரண்டையும் கொடுக்க மனமில்லாதவர்களே.

ஆகவே, டிஜிட்டல் கருவிகளாலும் ஒலியாலும் வேலை செய்கின்ற கலைஞர்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து கொடுப்பது தர்மமுமல்ல, தயவுமல்ல. யாரும் முதல் போடாத காலத்தில் ஜனங்கள் முதல் போட்டு வளர்த்த ஒரு தொழிலை, சொத்துள்ள சிலர் கைக்கே விட்டுவிடாமல் ஜனங்களிடமே வைத்துக்கொள்வதற்கான கிரமமான செலவு அது. கொடுப்பதைக் கணக்கோடு கொடுக்கட்டும். கேட்பவர்கள் உரிமையோடு கேட்கட்டும். வரி கொடுப்பவர்கள் காதைத் திறந்து கேட்டுவிட்டு, பிறகு நல்லது கெட்டது சொல்லட்டும் என்பதே நமது அபிப்பிராயமாகும்.